ஐஸ் பெட்டியில் வந்தவள்

நாகூரில் பெண் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ரஹ்மத் பீவிக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்பது மறந்துபோகும். மறுநாள் காலையில் நெத்திலிச் சம்பலைக் கருக்கிவிட்டாள். கீழ்வேளூரில் அவள் அடுப்பு பற்றவைத்த நாள்முதல் நடக்காத சங்கதி அது. வழக்கமாகப் பொட்டலம் வாங்கும் பள்ளிக்கூட வாத்தியார் ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு, "என்ன பீவிம்மா, மகன் கல்யாணச் சந்தோஷத்துல சட்டியைக் கவனிக்கலையா?" என்று கேட்டார். அவள் சிரித்து வைத்தாள். சந்தோஷமாம் சந்தோஷம்! அவள் வயிற்றில் இருந்தது அவளுக்கல்லவா தெரியும்.

புருஷன் மீரா உசேனின் மளிகைக்கடை வாசலில்தான் அவளுடைய காலை வியாபாரம். தேங்காய்ப்பாலில் ரம்பை இலை போட்டு வடித்த சோறு, மேலே நெத்திலிச் சம்பல், வறுத்த வேர்க்கடலை, பாதி முட்டை. அதற்கு நாசி லெமாக் என்று பெயர். கீழ்வேளூருக்கு அந்தப் பெயர் நாக்கில் புரளவில்லை, மலாய்ச் சோறு என்று தானே வைத்துக்கொண்டது. அவளையும் மலாயம்மா என்று சொல்லிவிட்டது. அவள் பிறந்தது மலேசியாவில், கெடா மாநிலத்து யான் பக்கத்தில் ஒரு நெல் விளையும் கிராமம். தாய் மலாய்க்காரி. தகப்பனார் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் போய் அங்கே ரொட்டிக்கடை போட்டவர். வீட்டில் தாயோடு மலாய், தகப்பனாரோடு தமிழ், சண்டை வந்தால் இரண்டும் கலந்து. அந்தத் தகப்பனார்தான் தன் அக்காள் மகன் மீரா உசேனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்து இந்தக் கரைக்கு அனுப்பினார். வந்த புதிதில் எல்லாமே அவளுக்கு மிரட்சிதான். வயலைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. அங்கேயும் நெல், இங்கேயும் நெல். வரப்பில் நடக்கத் தெரிந்தவள் எங்கேயும் நடந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரே மகன் சித்தீக். கதிர் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறான். சம்பா அறுப்புக் காலத்தில் அவனைப் பிடிக்க முடியாது, மன்னார்குடி பக்கம் ஒரு வயல், திருவாரூர் பக்கம் ஒரு வயல் என்று தலையெல்லாம் பதரோடு அலைவான். போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து நாகப்பட்டினத்தில் ஒரு லேபுக்கு ரத்தம் கொடுக்கப் போனான். ரத்தம் எடுத்த பெண் ஷமீமா. ஊசி குத்தியவளையே கட்டுவேன் என்று காய்ச்சல் இறங்குவதற்குள் வீட்டில் வந்து நின்றான். விசாரித்தால் நல்ல குடும்பம், தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, நாகூரில் மாமி சபுரா வளர்க்கிறாள். மீரா உசேனுக்குப் பரம திருப்தி. ரஹ்மத் பீவிக்கும்தான், பெண் பார்க்கப் போய் அந்த வீட்டுத் தேநீரைக் கையில் வாங்கும்வரை.

தேநீரைக் கொடுத்துவிட்டு சபுரா மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இவ உம்மா இருந்து பாக்க குடுத்து வைக்கலங்க. மூணு மாசக் கைக்குழந்தை, சுனாமி வந்து உம்மாவைக் கொண்டு போயிடுச்சு. என் தம்பிதான் புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடி, கீழ்வேளூர் பக்கம் ஏதோ கல்யாண மண்டபத்துல கெடந்தான். நான் அப்ப காரைக்கால்ல இருந்தேன், வழி தொறந்தப்புறம்தான் போய்க் கூட்டியாந்தேன்" என்றாள்.

ரஹ்மத் பீவி டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தாள். சமாளித்துக்கொண்டாள். பேச்சு நகை, புடவை என்று வேறு பக்கம் போய்விட்டது. கிளம்பும்போது ஷமீமாவுக்கு மதிய வேலைக்கு நேரமாகிவிட்டது. "நாகப்பட்டினம்தானே, நான் பைக்ல விட்டுட்டுப் போறேன்" என்று சித்தீக் சாவியைக் கையில் சுழற்றினான். அந்தப் பதற்றத்திலும் ரஹ்மத் பீவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நிக்காஹ் ஆகாம ஒரு பொண்ணைப் பின்னாடி ஏத்துவியா நீ? தோலை உரிச்சிடுவேன்!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஷமீமா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். நல்ல சிரிப்பு அது, பார்த்தவர் மனசில் நிற்கிற சிரிப்பு.

அந்தக் கல்யாண மண்டபத்தில் ரஹ்மத் பீவியும் இருந்தாள். அதுதான் விஷயம்.

அப்போது அவர்கள் நாகப்பட்டினத்தில் கடலோரம் குடியிருந்தார்கள். சித்தீக் நடக்கப் பழகிவிட்டான், ஆனாலும் தாய்ப்பால் மறக்கவில்லை. அலை வந்த காலையில் அவனை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஓடியவள் அந்த மண்டபத்தில்தான் போய் விழுந்தாள். உள்ளே எல்லாச் சாதியும் எல்லா மதமும் ஒரே ஜமக்காளத்தில் கிடந்தது. தாயில்லாத பச்சைக் குழந்தைகள் கத்தின. தாய் இருந்தும் சில பேருக்கு அதிர்ச்சியில் பால் நின்றுபோயிருந்தது. ரஹ்மத் பீவிக்கு மார் நிறையப் பால். அவள் யோசிக்கவில்லை. அழுகிற பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். ஒரு வேளை இரு வேளை இல்லை, மண்டபத்தை விட்டுக் கிளம்பும்வரை அதுதான் அவளுக்கு வேலை. இப்போது பக்கத்துத் தெருவில் குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்கிற ராசம்மாளின் மகன் இனியவன்கூட அப்படிக் குடித்து வளர்ந்தவன்தான். அந்த உறவில்தான் ராசம்மாளும் அவளும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மண்டபத்தில் பெண் குழந்தைகள் இரண்டு இருந்தன. ஒன்றுக்கு அவள் கொடுத்தாள். மற்றதற்கு வேளாங்கண்ணிப் பக்கத்து அம்மாள் ஒருத்தி கொடுத்தாள். அந்த இரண்டில் ஷமீமா எது? மற்றது என்றால் தாராளமாகக் கல்யாணம் பண்ணலாம். ரஹ்மத் பீவியிடம் குடித்தது என்றால் சித்தீக்குக்கு அவள் தங்கை. ஒரு தாயிடம் பால் குடித்தவர்கள் கூடப்பிறந்தவர்கள், அவர்களுக்குள் நிக்காஹ் கூடவே கூடாது. இது மார்க்கம். இதில் முன்னே பின்னே பேச இடமே கிடையாது.

அவள் தாய் வீட்டுக் கிராமத்தில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. அங்கே யாராவது ஒருத்தி அடுத்தவள் பிள்ளைக்குப் பால் கொடுத்தால், அதை நாலு வரிப் பாட்டாகக் கட்டிவிட வேண்டும். மலாய்க்காரர்களின் பந்துன் என்கிற பாட்டு அது. முதல் இரண்டு வரி வயலையோ கடலையோ சொல்லும், அடுத்த இரண்டு வரி விஷயத்தைச் சொல்லும். கட்டியவள் அதைத் தன் தாயிடம் பாடிக் காட்ட வேண்டும். தாய் மற்றவர்களிடம் பாடுவாள். பிறகு அது தொட்டில் தொட்டிலாகச் சுற்றும். பின்னொரு நாள் அந்தப் பிள்ளைகளுக்குள் சம்பந்தப் பேச்சு எழுந்தால், தொட்டிலாட்டுகிற ஏதோ ஒரு பெண் அந்தப் பாட்டைப் பாடித் தடுத்துவிடுவாள். எழுதி வைப்பதெல்லாம் கிடையாது. வாய்தான் சாட்சி.

மண்டபத்தில் இருந்தபோது ரஹ்மத் பீவியும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டினாள். தொலைபேசி கிடைத்த முதல் நாள், உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லி அழுது முடித்த கையோடு, தாயிடம் எல்லாவற்றையும் பாடிவிட்டாள். அந்தப் பெண் குழந்தையின் பாட்டு, "ஓம்பாக் மாசின் நாயிக் கெ பெண்டாங்" என்று தொடங்கும். உப்பலை ஏறியது வயலின் மேல். அடுத்த வரி, தேங்காய் மட்டை சிக்கியது வரப்பின் ஓரம். அதற்கு மேல் வரவில்லை. விஷயம் இருக்கிற இரண்டு வரியும் போன இடம் தெரியவில்லை. அந்த நாட்களை மறக்க வேண்டும் என்று அவள் பட்ட பாடு கொஞ்சமா? கடல் கண்ணில் படக்கூடாது என்றுதானே கீழ்வேளூருக்கே குடிவந்தாள். மறக்க நினைத்ததோடு சேர்ந்து மறக்கக் கூடாததும் போய்விட்டது.

முதல் இரண்டு வரியை முணுமுணுத்தபடியே சோறு வடித்தாள், துணி துவைத்தாள், கடைக்கும் வீட்டுக்கும் நடந்தாள். மூன்றாவது வரியின் வாசலில் போய்ப் போய் நின்றாள்.

ராசம்மாளிடம்தான் முதலில் வாயைத் திறந்தாள். ராசம்மாள் வாய்க்கால் மதகடியில் நின்று அறுப்புக்கு முன்னே தண்ணீரை வடிய விட்டுக்கொண்டிருந்தாள். சேறான மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முழுவதும் கேட்டாள்.

"இம்புட்டுத்தானா? எங்கள்ல மாமன் மவ, அத்தை மவன்னு ரத்தத்துலயே கட்டுறோம். நீங்க பாலுக்குப் போயி இப்புடி மருகுறீங்களே!"

"எங்கள்லயும் மாமன் மகன் அத்தை மகள் கட்டலாம் அக்கா. நானே அப்படிக் கட்டினவதான். இது வேற. பால் குடிச்சா நான் அவளுக்கு உம்மா. அண்ணன் தங்கச்சிக்கு யாராச்சும் கல்யாணம் பண்ணுவாங்களா?"

ராசம்மாள் யோசித்தாள். "அப்படின்னா எம் மவன் இனியவனும் உங்க புள்ளதானா?"

"பின்ன? அவனுக்கும் ஒரு பாட்டு கட்டிப் பாடியிருக்கேன். மழை நிக்காத வயல்ல நாரை நிக்குதுன்னு ஆரம்பிக்கும்."

"ஆத்தாடி! எங்கிட்ட சொல்லவே இல்லியே இத்தன வருசமா" என்றாள் ராசம்மாள். மதகில் அடைத்த சருகை மண்வெட்டியால் தள்ளிவிட்டாள். பிறகு, "மலேசியாவுல ஒங்க அக்காவுக்கு போன் போட்டுக் கேளுங்களேன், அவுங்களுக்கு ஞாபகம் இருக்கும்ல?" என்றாள்.

அதுதான் ரஹ்மத் பீவிக்குப் பயம். தாய் மவுத்தாகிவிட்டாள், ஆனால் மூத்த அக்காள் ரொக்கியா இருக்கிறாள். கேட்டால் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் தெரிந்துபோகும். தெரியாதவரைக்கும் மகனுக்குக் கல்யாணம் உண்டு. உண்மையைச் சொல்வதானால், அவள் அந்த மறதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஃபோனைக் கையில் எடுப்பாள், அக்காளின் பெயர்வரை போவாள், திரும்ப வைத்துவிடுவாள்.

மீரா உசேனிடம் சொன்னபோது அவர் தராசுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கடையின் பாதிக் கதவைச் சாத்தினார். "ரஹ்மத், உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியலங்க."

"தெரியலல்ல? அப்ப வாயை மூடிக்க. ரெண்டு புள்ளைல எதுன்னு உனக்கே தெரியல. அந்தப் பொண்ணோட வாப்பா போயிட்டான், உங்கம்மா போயிட்டாங்க. உன்னைத் தவிர உலகத்துல யாருக்குத் தெரியும் இது? பையன் எம்புட்டு ஆசையா இருக்கான்னு பாத்தியா? நீயா எதையாவது கெளப்பி அவன் வாழ்க்கைல மண்ணைப் போட்டுடாத."

அவர் கெட்டவர் இல்லை. மகனைப் பார்க்கிற தகப்பனுக்கு வேறு என்ன சொல்ல வரும்? அன்று முழுவதும் அவர் நெஞ்செரிச்சல் மாத்திரையைச் சப்பிக்கொண்டு கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் உளுந்து கேட்டால் பயறு கட்டிக் கொடுத்தார்.

சித்தீக்குக்கோ தரையில் கால் பாவவில்லை. வயலிலிருந்து வந்தால் உடம்பு கழுவக்கூடப் பொறுமை இல்லாமல் ஃபோனை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவான். நிச்சயத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. கும்பகோணத்துக்குப் போய்ப் புடவை எடுத்தார்கள். ஷமீமாவுக்குப் பச்சை பிடிக்கும் என்று, நாகூருக்குக் கொடுத்தனுப்ப அவனே நாற்றுப் பச்சையில் ஒன்றைப் பொறுக்கினான். "எப்படி இருக்கு உம்மா?" என்று கேட்டான். "நல்லா இருக்கு" என்று சொன்னாள் அவள். சொன்ன கையோடு கடைக்கு வெளியே வந்து நின்றுகொண்டாள். உள்ளே காற்று போதவில்லை என்று சொன்னாள். ஏசி போட்ட கடை அது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஆண்கள் வீடு திரும்பும் நேரம், ரொக்கியா தானாகவே வீடியோவில் கூப்பிட்டாள். நிச்சயத்துக்கு வர முடியாது, கல்யாணத்துக்குக் கட்டாயம் குடும்பத்தோடு வருவோம், டிக்கெட் பார்க்கிறோம் என்று மலாயில் பொரிந்து தள்ளினாள். ரஹ்மத் பீவி 'உம்' கொட்டிக்கொண்டிருந்தாள். அக்காளின் தலைக்குப் பின்னால் உத்தரத்தில் கம்பிச் சுருளில் தொங்கும் தொட்டில் ஒன்று மேலும் கீழும் ஆடியது. ரொக்கியாவின் மகள் வயிற்றுப் பேரப்பிள்ளை, புதுசு. அடுத்த வீட்டு இளம்பெண் ஒருத்தி தொட்டிலை ஒரு கையால் இழுத்து விட்டபடி, இன்னொரு கையால் தட்டில் எதையோ தின்றபடி, தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தாள்.

ஓம்பாக் மாசின் நாயிக் கெ பெண்டாங்.

ரஹ்மத் பீவி அக்காள் பேசுவதைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். நிறுத்தச் சொல்லிக் கத்த வேண்டும் போலிருந்தது. அந்தப் பெண்ணுக்கு நாகப்பட்டினமும் தெரியாது, கீழ்வேளூரும் தெரியாது. சோற்றை மென்றுகொண்டே நாலு வரியையும் பிசகாமல் பாடி முடித்தாள்.

உப்பலை ஏறியது வயலின் மேல்.
தேங்காய் மட்டை சிக்கியது வரப்பின் ஓரம்.
ஐஸ் பெட்டியில் வந்தவள் அயலாள் இல்லை.
என் பால் குடித்தவள், சித்தீக்கின் தங்கை.

"அது... அந்தப் பாட்டு..." என்றாள் ரஹ்மத் பீவி.

ரொக்கியா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "நீ கட்டின பாட்டுதானே! மறந்துவிட்டாயா? அதே அலை இங்கேயும் வந்ததே, அதனால் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். இந்தக் கிராமத்தில் பிறக்கிற பிள்ளையெல்லாம் இதைக் கேட்டுத்தான் தூங்குகிறது. யார் அந்த சித்தீக் என்று என் மகள்கூடச் சின்ன வயதில் கேட்டாள், என் தங்கை மகன் என்று சொன்னேன். அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள்? கல்யாணத்துக்கு வந்தால் பார்த்துவிடலாம்."

உன்னைத் தவிர யாருக்குத் தெரியும் என்று கேட்டாரே மீரா உசேன்! கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரே தெரிந்து வைத்திருந்தது. பார்க்காத பிள்ளையை அவர்கள் ஞாபகம் வைத்திருந்தார்கள். பால் கொடுத்தவள் மறந்திருந்தாள். ரஹ்மத் பீவிக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த நிமிஷமே, ஐஸ் பெட்டியில் வந்தது மற்றக் குழந்தையாக இருக்கக் கூடாதா, நான் மாற்றிப் பாடியிருக்கக் கூடாதா என்று மனசு இன்னொரு கிளையைப் பிடித்துத் தொங்கப் பார்த்தது. மனசுக்கு ரோஷமே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் நாகூர் பஸ் ஏறினாள். சபுரா மாமி, "வாங்க, வாங்க, சொல்லாம வந்துட்டீங்களே" என்று பதறிக்கொண்டு பாய் விரித்தாள். ஷமீமாவுக்கு விடுமுறை. தலைக்குக் குளித்து முடியை விரித்துப்போட்டுக்கொண்டு வந்து ஸலாம் சொன்னாள். ரஹ்மத் பீவி உட்காரவில்லை.

"மாமி, ஒண்ணு மட்டும் கேக்கணும். அந்த அலைல உங்க தம்பி இந்தப் புள்ளைய எப்படிக் கொண்டு போனாரு?"

"அதையேன் கேக்குறீங்க! அவன் ஐஸ் கம்பெனில வேலை பாத்தான்ல. கழுத்தளவு தண்ணி. மீனுக்கு ஐஸ் போடுற பெட்டி மெதந்து வந்துச்சாம். அதுல இவளப் போட்டுத் தள்ளிக்கிட்டே போயிட்டான். அந்தப் பெட்டி இன்னமும் கெடக்கு பாருங்க, மனசு வரல தூக்கிப்போட." சபுரா மாமி கொல்லைக் கதவைத் திறந்து காட்டினாள். நீலச் சாயம் வெளுத்த பெட்டிக்குள் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது.

ரஹ்மத் பீவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். இனி மனசு தொங்குவதற்குக் கிளை இல்லை. திரும்பி நின்று சொல்லத் தொடங்கினாள். மண்டபத்தைச் சொன்னாள், பாலைச் சொன்னாள், பாட்டைச் சொன்னாள். அழாமல் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் எடுத்த தீர்மானம் பாதியிலேயே உடைந்துபோனது.

சபுரா மாமி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஷமீமா உட்காரவில்லை.

"ஏன் இப்ப வந்து சொல்றீங்க?" என்றாள். "பொண்ணு பாக்க வந்தப்பவே சந்தேகம் வந்துச்சுல்ல? புடவை எடுக்குறப்போ எங்க போச்சு?"

"தெரியாம இருந்துடாதான்னு பாத்தேன்மா. எம் மகனுக்காக."

"அதுக்கு முன்னாடி? இத்தனை வருஷம்? எனக்கு உம்மா இல்லைன்னு ஸ்கூல்ல, ஊர்ல, ஒவ்வொரு பெருநாளைக்கும் எத்தனை பேரு உச்சுக்கொட்டியிருப்பாங்க தெரியுமா? இங்கேருந்து கீழ்வேளூர் என்ன தூரம்? பஸ்ல ஏறினா கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள வந்துடலாம். பால் குடுத்தீங்க, பாட்டுக் கட்டினீங்க. என்னைத் தேடி ஒரு தடவை வந்தீங்களா?"

கல்யாணம் நின்றதற்குத் திட்டுவாள் என்று நினைத்து வந்த ரஹ்மத் பீவி இதை எதிர்பார்க்கவில்லை. "போங்க" என்றாள் ஷமீமா. ரஹ்மத் பீவி வெளியே வந்து தெருமுனைவரை போனபோது அந்த வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.

சித்தீக்கிடம் அன்று சாயங்காலமே சொன்னாள். அவன் மெஷினின் கத்திகளுக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தான். கேட்டு முடித்ததும் எழுந்து கையைத் துடைத்தான். மறுபடி உட்கார்ந்து ஏற்கெனவே மசகு போட்ட கத்திக்கே மசகு போட்டான். "நீங்க எனக்கு உம்மாதானா?" என்று மட்டும் கேட்டான். அதற்குப் பிறகு வீட்டில் அவன் சோறு தின்னவில்லை. அறுப்பு எங்கே இருந்தாலும் போனான், வேலை இல்லாத நாளில் மெஷினுக்கு அடியிலேயே துண்டை விரித்துப் படுத்தான். மீரா உசேன் மனைவியைக் குறை சொல்லவில்லை. ரொக்கியா சொன்னதைக் கேட்ட பிறகு அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று. "ஒரு ஊரே பாடுதாமே" என்று அடிக்கடி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஊர் சும்மா இருக்குமா? கல்யாணம் நின்றதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னது. மலாய்ச் சோறு வாங்க வந்தவர்கள் சோற்றைவிடக் கதையைத்தான் அதிகம் கேட்டார்கள். ராசம்மாள் ஒருநாள் கையில் கதிர் அரிவாளோடு வந்து, "எம் மவனுக்கும் இவுங்கதான் பால் குடுத்தாங்க, யாருக்கு என்ன இப்ப?" என்று கடைவாசலில் நின்று ஒரு சத்தம் போட்டாள். அத்தோடு பேச்சு குறைந்தது. ரஹ்மத் பீவியின் தவிப்பு குறையவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். மகன் வருகிறானா என்று பார்ப்பாள். வந்தால் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் உள்ளே ஓடுவாள்.

நிச்சயத்துக்குக் குறித்த நாளும் வந்தது. பந்தல் இல்லை, பாய் இல்லை, வழக்கம்போலக் கடை திறந்திருந்தது. சித்தீக் பைக்குக்குப் பெட்ரோல் போடக் காசு எடுக்க வந்தவன் திரும்பிப் போகப் பார்த்தான். அப்போது வாசலில் ஷமீமா வந்து நின்றாள். தனியாக வந்திருந்தாள். கையில் அந்தக் கும்பகோணத்துப் பை.

அவள் பையை ரஹ்மத் பீவியின் கையில் கொடுத்தாள். "புடவை. திருப்பிக் குடுக்கத்தான் வந்தேன்" என்றாள். போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுவரோரம் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"அந்தப் பாட்டைப் பாடுங்க."

"எதுக்கும்மா அது..."

"யாரோ யாரோ அதைக் கேட்டுத் தூங்கியிருக்காங்க. நான் கேட்டதில்லைல்ல? பாடுங்க."

ரஹ்மத் பீவி பாடினாள். முதல் தடவை குரல் உடைந்து மூன்றாவது வரியில் நின்றது. ஷமீமா காத்திருந்தாள். இரண்டாவது தடவை முழுவதும் வந்தது. மலாய் தெரியாத அந்தப் பெண்ணுக்கு அதில் ஐஸ் என்ற சொல்லும் சித்தீக் என்ற பெயரும் மட்டும் புரிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கண்ணீர் தாடையில் இறங்கி நிற்பதைத் துடைக்கக்கூட இல்லை. வாசற்படியில் சித்தீக் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பசிக்குது" என்றாள் ஷமீமா.

ரஹ்மத் பீவி சோறு போட்டாள். முழு முட்டை வைத்தாள். சம்பல் காரத்தில் ஷமீமாவுக்கு மூக்கில் நீர் வந்தது, ஆனாலும் வழித்துத் தின்றாள். கை கழுவி வந்து, ஒரு கணம் தயங்கி, ரஹ்மத் பீவியின் முந்தானையிலேயே கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வாசலைப் பார்த்தாள். நேரமாகிவிட்டது, மதியம் அவளுக்கு லேபில் வேலை.

நாகூர்ப் பக்கத்தில் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சொல்லை வாயிலிருந்து எடுக்க அவள் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இரண்டு தடவை வாய் திறந்து மூடியது.

"நானா" என்றாள். "லேபுக்கு நேரமாச்சு. கொண்டு போய் விடுறீங்களா?"

சித்தீக் திரும்பவில்லை. முதுகு மட்டும் ஒருதரம் குலுங்கியது. பிறகு எழுந்தான். பைக்கை வாசலுக்கு இறக்கி, அப்போதுதான் தாயின் முகத்தை நேராகப் பார்த்தான். அன்றிலிருந்து பார்க்காத முகம்.

"உம்மா, இப்ப பின்னாடி ஏத்திக்கிட்டுப் போலாம்ல?" என்று கேட்டான்.

ரஹ்மத் பீவி தலையை ஆட்டினாள். ஷமீமா பின்னால் ஏறி, விழாமல் இருக்க அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். வண்டி நாகப்பட்டினம் சாலையில் திரும்பியது. ரஹ்மத் பீவி புடவைப் பையைக் கையில் வைத்தபடி, அது கண்ணுக்கு மறையும்வரை வாசலிலேயே நின்றாள்.